ஆறு ஏறிய சனிக்கிழமை

லண்டனுக்கு வந்த முதல் மூன்று வருடங்களில் நானும் மனைவியும் சனி, ஞாயிறுகளில் போய்ப் பார்த்த இடங்கள் நாற்பத்தொன்று. எண்ணிக்கை சரியானது. என் குறிப்புப் புத்தகத்தில் ஒவ்வொன்றுக்கும் இலக்கம் இருக்கிறது: புறப்பட்ட நேரம், ஏறிய ரயில், வானிலை, கொண்டுபோன சாப்பாடு, திரும்பிய நேரம். பெரும்பாலான இடங்களுக்கு அரைப் பக்கம்தான். முப்பத்திரண்டாம் இலக்கத்துக்கு மட்டும் பதினொரு பக்கம் போயிருக்கிறது. அதில் ஏழு பக்கம் என்னுடைய கையெழுத்தில்லை.

யாழ்ப்பாணத்தில் ஆசிரியராக இருந்த காலத்தில் எனக்கு வாரவிடுமுறை என்று ஒன்று இருந்ததில்லை. சனி காலை டியூசன், சனி பின்னேரம் டியூசன், ஞாயிறு காலை மறுபடியும் டியூசன். ஞாயிறு பின்னேரம் விடைத்தாள் திருத்துவேன். எண்பதுகளின் பிற்பகுதியில் தென் லண்டனில் ஒரு பாடசாலை என்னைக் கணிதம் படிப்பிக்க எடுத்தது. முதல் வெள்ளிக்கிழமை மூன்றரைக்கு மணி அடித்துப் பத்து நிமிடத்தில் ஆசிரியர் அறை வெறுமையாகிவிட்டது. கடைசியாகப் போன ஒருவர் வாசலில் நின்று நல்ல வீக்கெண்டாக அமையட்டும் என்று வாழ்த்தினார். கையில் இருந்த வெண்கட்டித் தூசியைத் தட்டியபடி நான் நின்றேன். இரண்டு முழு நாட்கள். அவற்றில் நான் எதையும் செய்யவேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அதை நினைக்க ஒரு மாதிரி பயமாகக்கூட இருந்தது.

அந்தப் பயத்தைத் தெளிவித்தவர் எங்கள் பாடசாலையில் பௌதிகம் படிப்பித்தவர். மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழர்.

“ஒரே டிக்கெட் சார். பஸ்ஸு, ட்ரெயினு, ட்யூப்பு, எல்லாத்துக்கும். காலையில வாங்குனா ராத்திரி வரைக்கும் சுத்தலாம்லா. வீட்டுல உக்காந்து என்ன பண்றீங்க?”

ஓர் அட்டைத் துண்டுக்கு ஒரு மாநகரம் முழுவதையும் திறந்துவிடும் வல்லமை இருக்கிறது என்பதை நான் முதலில் நம்பவில்லை. முதல் சனிக்கிழமை ஆறு இடங்களில் ஏறி இறங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் கதவு திறந்தது. அதன் பிறகு திட்டமிடத் தொடங்கினேன். இடங்களின் பட்டியல், ரயில் அட்டவணை, மழை வந்தால் மாற்று இடம். அவர் ஒருநாள் என் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “என்ன சார் இது, லீவு நாளுக்குக்கூட பாடத்திட்டமா?” என்று கேட்டுச் சிரித்தார்.

பாடத்திட்டம் தேவைப்பட்டதற்குக் காரணம் இருந்தது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

என் மனைவியும் ஆசிரியைதான். யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் புவியியல் படிப்பித்தவள். இங்கே படிப்பிக்க வேண்டுமானால் மேலும் இரண்டு வருடம் படிக்கவேண்டும் என்றார்கள். அதனால் ஸ்ட்ரெதமில் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடத் தூரத்தில் இருந்த ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலைக்குப் போனாள். வாழ்த்து அட்டைகளை உறையோடு சேர்த்துப் பெட்டியில் அடுக்கும் வேலை. பிறந்தநாள் ஒரு பெட்டி, அனுதாபம் ஒரு பெட்டி.

அவளுடைய அண்ணை கனடாவில், ரொறன்ரோவில் இருந்தார். எங்கள் இருவரையும் அங்கே கூப்பிடுவதற்கான படிவங்களை அனுப்பியிருந்தார். அவள் தன் பகுதியை நிரப்பிக் கையெழுத்தும் வைத்துவிட்டாள். என் கையெழுத்துத்தான் மிச்சம். படிவங்கள் சமையலறை அலமாரித் தட்டில் சீனிப் போத்தலுக்குப் பின்னால் நின்றன.

“திங்கட்கிழமை தபாலிலை போடவேணும். பிந்தினா இந்த முறை இல்லையாம்” என்றாள் அவள்.

“கொஞ்சம் யோசிப்பமே. எனக்கு இங்கை வேலை இருக்கு.”

“உங்களுக்கு இருக்கு. லண்டனிலை எனக்கெண்டு என்ன இருக்கு? சொல்லுங்கோ பாப்பம்.”

என்னிடம் இருந்தது பட்டியல்தான். அரண்மனை, மியூசியம், பூங்கா, பாலம், கோபுரம் என்று முப்பத்தொரு இடங்களுக்கு அவளைக் கூட்டிப்போயிருந்தேன். ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு அவள் “வடிவாத்தான் இருக்கு” என்பாள். அதையும் குறித்து வைத்திருக்கிறேன், முப்பத்தொரு தடவை. அந்தத் திங்கட்கிழமைக்கு முன் எனக்கு ஒரு சனியும் ஒரு ஞாயிறும் மிச்சம் இருந்தன.

ரிச்மண்ட் என்று முடிவு செய்தேன். மேலே குன்று, கீழே தேம்ஸ் ஆறு. ஆற்றங்கரைப் பாதையில் சில நாட்களில் தண்ணீர் ஏறும், பார்த்துப் போங்கள் என்று பௌதிக ஆசிரியர் சொல்லியிருந்தார். ஆகவே தண்ணீர் ஏறி இறங்கும் வற்றுப்பெருக்கு நேரங்கள் அச்சிட்ட ஒரு சிறு புத்தகம் வாங்கினேன். முதல் நாள் இரவே கணக்குப் பார்த்து எழுதினேன்: ‘லண்டன் பாலத்தில் பெருக்கு 2.40. ரிச்மண்டுக்கு ஒரு மணித்தியாலம் கூட்டுக: 3.40. நாம் ஆற்றங்கரையில் 3.50. நீர் வற்றத் தொடங்கியிருக்கும்.’ கடைசி வரியின் கீழே கோடும் போட்டேன்.

சனிக்கிழமை காலை இன்னொரு கணக்கு வந்தது. சனியில் ராகுகாலம் ஒன்பதிலிருந்து பத்தரை. கொழும்பில் அச்சான எங்கள் நாட்காட்டியில் அப்படித்தான் போட்டிருந்தது. அந்த நேரத்தில் மனைவி வாசற்படி தாண்டமாட்டாள்.

“பத்தரைக்கு வெளிக்கிடுவம்” என்றேன்.

“பதினொண்டரைக்கு.”

“ஏன்?”

“மார்ச் மாசம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினீங்களெல்லே? வெள்ளைக்காரன் தள்ளினவுடனை ராகுவும் தள்ளி நிக்குமோ? சூரியன் பழைய நேரத்துக்குத்தானே வருது.”

ஒரு கணித ஆசிரியனால் அதை மறுக்க முடியவில்லை. ராகுகாலம் சூரியன் உதிப்பதைக் கொண்டு பார்ப்பது. கோடைகால நேரத்தில் அதற்கு ஒரு மணித்தியாலம் கூட்டத்தான் வேண்டும். “நீர் சொல்லுறது சரி” என்றேன். பதினொன்று முப்பத்திரண்டுக்கு வெளிக்கிட்டோம். ராகுவுக்குக் கூட்டிய அந்த ஒரு மணித்தியாலத்தை ஆற்றுக்கும் கூட்டவேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

கிளாப்பம் ஜங்சனில் ரயில் மாறினோம். குன்றின் மேல் ஒரு நீள மர வாங்கில் உட்கார்ந்து புட்டும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் சாப்பிட்டோம். கீழே ஆறு மரங்களுக்கிடையில் வளைந்து கிடந்தது. நான் அவளுடைய முகத்தைப் பார்த்தேன்.

“வடிவாத்தான் இருக்கு” என்றாள். முப்பத்திரண்டு.

திட்டப்படி மூன்று ஐம்பதுக்கு ஆற்றங்கரைக்கு இறங்கினோம். கரையோடு ஒட்டி ஒரு கற்பாதை. அதிலிருந்து சில படிகள் தண்ணீருக்குள் இறங்கின. பாதையில் ஓரிடம் மட்டும் சற்று உயர்ந்திருந்தது. அங்கே ஒரு வாங்கு. நாங்கள் வாங்குக்குப் போகாமல், தண்ணீருக்கு இரண்டு படி மேலே பேப்பர் விரித்து இருந்தோம். அவள் செருப்புகளைக் கழற்றிக் கீழ்ப்படியில் வைத்துவிட்டு பிளாஸ்கைத் திறந்து தேத்தண்ணி ஊற்றினாள்.

“தண்ணி கிட்டக் கிடக்கு” என்றேன். “ஆனா இனி இறங்கும்.”

“நான் கடற்கரையிலை பிறந்தவள். எனக்குத் தண்ணி காட்டாதேங்கோ.”

உண்மைதான். அவள் வடமராட்சிக் கரையைச் சேர்ந்தவள். ஆனால் எங்கள் பக்கத்துக் கடல் ஒரு நாளில் ஏறி இறங்குவது இரண்டு சாண்தான். வள்ளம் கட்டியிருக்கும் கயிற்றைப் பார்த்தால்தான் தெரியும். கடல் அசைவது எங்களுக்குத் தெரியும். கடல் எழும்பும் என்பது தெரியாது. கடலிலிருந்து இத்தனை மைல் உள்ளே இருக்கும் ஓர் ஆற்றைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

ஒரு மிடறு குடித்துவிட்டு அவள் கேட்டாள்: “இஞ்சாருங்கோ, கடல் எந்தப் பக்கம்?”

“அந்தப் பக்கம்” என்று வலது கையைக் காட்டினேன்.

“அப்ப ஏன் ஆறு அங்கையிருந்து இங்கை ஓடுது?”

பார்த்தேன். ஒரு மரக்கிளை, அதன் மேல் ஒரு வாத்து, பின்னால் ஒரு பிளாஸ்ரிக் போத்தல், எல்லாம் வலமிருந்து இடமாக, ஆறு பிறந்த திசையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. மெதுவாகவும் இல்லை. ஒருவர் வேகமாக நடப்பதைப் போல.

“அது... கரையோரச் சுழிப்பா இருக்கும்” என்றேன்.

“நடுவிலையும் அப்பிடித்தான் போகுது.” அவள் குவளையைக் கீழே வைத்தாள். “என்ரை செருப்பு எங்கை?”

செருப்பில் ஒன்று படியில் மிதந்து ஆடிக்கொண்டிருந்தது. மற்றது வாத்துக்குப் பின்னால் பாதித் தூரம் போய்விட்டது. நான் எட்டிப் பிடித்தது ஒன்றைத்தான். அதற்குள் பேப்பரின் ஓரம் நனைந்தது. பையையும் பிளாஸ்கையும் தூக்கிக்கொண்டு வாங்கு இருந்த மேட்டுக்கு ஓடினோம். அங்கே போய் நின்ற பிறகுதான் இரண்டு பக்கமும் பார்த்தோம். பாதை தாழ்ந்திருந்த இரண்டு பக்கங்களிலும் தண்ணீர் சத்தமில்லாமல் உள்ளே வந்து எங்களைச் சுற்றிக்கொண்டிருந்தது. நாங்கள் ஒரு தீவில் நின்றோம். பத்தடி நீளம், ஒரு வாங்கு.

சற்றுத் தள்ளி ஆற்றோரத்தில் நிறுத்தியிருந்த ஒரு சிவப்புக் கார் சில்லின் பாதிவரை தண்ணீரில் நின்றது. அப்பால் உயரமான இடத்தில் நாயோடு நின்ற ஒரு வயதான வெள்ளைக்காரர் ஐஸ்கிறீம் தின்றுகொண்டே அதைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்து ஆங்கிலத்தில் கூவினார்:

“அது உங்கள் காரா?”

“இல்லை!”

“அப்படியென்றால் ஒன்றும் அவசரமில்லை. ஒரு மணித்தியாலம் இருங்கள், ஆறு தானாகப் போய்விடும். இங்கே யாராவது ஒருவர் இப்படி மாட்டுவதுதான்.”

மனைவி என் சட்டைப் பையிலிருந்து அந்தச் சிறு புத்தகத்தை உருவினாள். அன்றைய பக்கத்தைப் பிடித்து, வரி வரியாகப் பார்த்து, கடைசியில் அடியில் இருந்த சிறிய எழுத்தில் விரலை வைத்தாள். நேரங்கள் யாவும் கிரீன்விச் நேரம். கோடையில் ஒரு மணித்தியாலம் கூட்டுக.

“காலமை நான் சொல்லேக்கை பெரிசாத் தலையாட்டினீங்கள்” என்றாள். “அடிக்குறிப்பு வாசிக்காத பிள்ளைக்கு என்ரை வகுப்பிலை சைபர்.”

“சரி, அப்ப பெருக்கு நாலு நாப்பதுக்கு. இன்னும்...” மணிக்கூட்டைப் பார்த்தேன். “நாப்பது நிமிசம் ஏறும்.”

எனக்கு வெட்கமாக இருந்தது. திங்கட்கிழமைக்கு முன் அவளைக் கூட்டிவந்த கடைசி நல்ல இடத்தில், ஒரு செருப்பைத் தொலைத்து, நாயோடு நிற்கும் மனிதர் வேடிக்கை பார்க்க, அவளை வாங்கில் நிற்க வைத்திருக்கிறேன். அவள் கோபிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

“பென்சிலைத் தாங்கோ. கொப்பியையும்.”

நான் மற்றவர் கையில் கொடுக்காத குறிப்புப் புத்தகம் அது. கொடுத்தேன்.

நாங்கள் இருந்த மேட்டுக்கு ஆற்றுப் பக்கத்தில் நாலு படி. கீழ்ப்படியில் தண்ணீர் தொட்ட நேரத்தை எழுதினாள். அடுத்த படியைத் தொட எட்டு நிமிடம் எடுத்தது. அதற்கடுத்ததற்கு ஒன்பது. மூன்றாவதற்குப் பதினாலு. “வேகம் குறையுது” என்றாள், தனக்குத்தானே. “குறையவேணும். சரி.” அவளுடைய எழுத்து, கரும்பலகைக்குப் பழகிய, நிமிர்ந்த பெரிய எழுத்து, என் நெருக்கமான வரிகளுக்குக் கீழே பக்கம் பக்கமாக இறங்கியது.

மணி நாலு முப்பத்தைந்து தாண்டியது. சிவப்புக் கார் கண்ணாடியின் கீழ்விளிம்பு வரை தண்ணீரில் நின்றது. கரையோர மரங்களின் கிளைகள் ஆற்றுக்குள் கிடந்தன. ஆறு இரு மடங்கு அகலமாகிவிட்டது போல் இருந்தது. இவ்வளவு தண்ணீரும் கடலிலிருந்து, பாலங்களுக்கு அடியால், நகரம் முழுவதையும் கடந்து, ஒரு சத்தமும் போடாமல் இங்கே ஏறி வந்திருக்கிறது. அந்த நேரத்தில் நகரத்தில் கடைகளில் பொருள் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் யாருக்கும் அது தெரிந்திருக்காது.

பிறகு ஆறு நின்றது.

அதை வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஒரு வெள்ளை இறகு எங்களுக்கு நேரே ஆற்றின் நடுவில் வந்து நின்றது. மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. கரைக்குக் கரை தேம்ஸ் ஆறு முழுவதும் ஒரு தட்டில் ஊற்றிவைத்தது போல் அசையாமல் இருந்தது. நாய்கூடக் குரைக்கவில்லை. நான் மணிக்கூட்டைப் பார்க்க மறந்தேன். அவள் பார்த்தாள். நாலு நாற்பத்திரண்டு.

“இப்ப சந்திரன் எங்கை நிக்குது தெரியுமோ?” என்று மெல்லிய குரலில் கேட்டாள்.

“பகலிலை எங்கை...”

“முந்தநாள் அமாவாசை. அங்கை நிக்குது, சூரியனுக்குக் கொஞ்சம் இடப்பக்கத்திலை. கண்ணுக்குத் தெரியாது. ஆனா இழுத்துப் பிடிச்சுக்கொண்டு நிக்குது.” அவள் கையை உயர்த்தி வெறும் வானத்தைக் காட்டினாள். “பதினொரு வருசம் கரும்பலகையிலை வட்டம் கீறிக் காட்டினனான். பூமி ஒரு வட்டம், சந்திரன் ஒரு வட்டம், சுத்திவரத் தண்ணி. பிள்ளையள் நம்பிச்சுதுகள். நான்தான் நம்பேல்லைப் போல.”

அவள் கண் கலங்கியிருந்தது. நான் வானத்தைப் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை. அந்த ஒன்றுமில்லாத இடம் ஓர் ஆற்றைத் தூக்கி வைத்திருந்தது. கணிதத்தில் எனக்குப் பழக்கமான பிரமிப்பு ஒன்று உண்டு, சமன்பாடு சரியாக வந்து முடியும்போது வருவது. ஆனால் அது தாளில் இருக்கும். இது என் சப்பாத்தை நனைத்தது.

இறகு அசைந்தது. முதலில் ஒரு விரற்கடை. பிறகு வலது பக்கமாக, கடலை நோக்கி, போகத் தொடங்கியது.

“போகுது, போகுது!” என்று அவள் கத்தியதைக் கேட்டு அந்த வயதானவர் கையை உயர்த்திக் காட்டினார்.

பாதை தெரிய ஐந்தரை மணி தாண்டிவிட்டது. அவள் என் காலுறைகளைப் போட்டுக்கொண்டு ரயிலில் வந்தாள். மிஞ்சிய ஒற்றைச் செருப்பைப் பையில் வைத்திருந்தாள். வழி முழுவதும் எழுதிக்கொண்டே இருந்தாள். படிவங்களைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு நான் போட்டிருந்த திட்டம் ஒரு மியூசியம். காலை தேத்தண்ணியோடு அவள் சொன்னாள்: “அங்கையே போவம். ஒவ்வொரு நாளும் ஐம்பது நிமிசம் பிந்தி வரவேணும். நான் அப்பிடித்தான் படிப்பிச்சனான். அஞ்சு முப்பத்திரண்டுக்கு ஆறு நிக்கவேணும்.”

அன்று நாங்கள் உயரமான இடத்தில் நின்றோம். நாயோடு வந்த அதே மனிதர், “இன்றைக்குக் கார் கொண்டுவந்தீர்களா?” என்று கேட்டார். ஆறு ஏறியது. இறகு இல்லை, நான் ஒரு ரொட்டித் துண்டை எறிந்தேன், அதை வாத்து தின்றது. இரண்டாவது துண்டு நடுவில் போய் நின்றது.

அவள் மணிக்கூட்டைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். என் கையைப் பிடித்து என் மணிக்கூட்டையும் பார்த்தாள்.

“அஞ்சு இருபது.”

“அப்ப முப்பத்தெட்டு நிமிசம்” என்றேன்.

“ஏன்?”

“என்னைக் கேட்டா?”

“பன்னிரண்டு நிமிசம் எங்கை போனது? புத்தகத்திலை ஐம்பது எண்டுதானே கிடக்கு? எத்தினை பிள்ளையளுக்குச் சரி போட்டனான்!” அவளுக்குக் கோபம், ஆனால் முகம் பிரகாசமாக இருந்தது. “சராசரி. ஐம்பது எண்டது சராசரியா இருக்கவேணும். அமாவாசைக்குக் கிட்டக் குறைஞ்சா, அட்டமி நவமியிலை கூடவேணும். எவ்வளவு கூடும்? இஞ்சாருங்கோ, அடுத்த சனிக்கிழமை என்ன திதி?”

அதற்கு முன் போன முப்பத்தொரு இடங்களில் ஓரிடத்திலும் அவள் என்னிடம் அடுத்த சனிக்கிழமையைப் பற்றிக் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்தபோது எட்டு மணி. வெளியே இன்னும் நல்ல வெளிச்சம். ரொறன்ரோவிலிருந்து அண்ணை போன் எடுத்தார். நான் சமையலறையில் பீங்கான் கழுவிக்கொண்டு நின்றேன். அவள் நடையில் நின்று கதைத்தது முழுவதும் கேட்டது.

“ஓம் அண்ணை... இல்லை, இன்னும் போடேல்லை... அவர் ஒண்டும் சொல்லேல்லை, நான்தான்... சண்டையோ? ஐயோ, சண்டை ஒண்டுமில்லை. ஆறு அண்ணை... ஆறு, தண்ணி ஓடுற ஆறு. பன்னிரண்டு நிமிசம் குறையுது... எனக்குக் காய்ச்சல் இல்லை அண்ணை, கேளுங்கோ. புரட்டாதியிலை பெரிய ஏற்றம் வரும், பிறகு பங்குனியிலை. ரெண்டையும் பாக்கவேணும்... வேலையோ? அதே வேலைதான். பின்னேர வகுப்பு ஏதும் இருக்கோ எண்டு கேக்கப்போறன்... ஓம், ரெண்டு வருசம்தான். ரெண்டு வருசம் சும்மாவும் போகும்தானே?”

கொஞ்ச நேரம் அண்ணை கதைத்தார் போலும். பிறகு அவளுடைய குரல் மாறியது. வகுப்பில் கேள்வி கேட்கும்போது வரும் குரல்.

“அண்ணை, உங்கடை வீட்டுக்குக் கிட்ட ஒரு பெரிய ஏரி இருக்கெண்டு சொன்னனீங்கள். கடல் மாதிரி எண்டு. அது ஏறி இறங்குமோ?... இல்லை, அலை இல்லை. ஏறி இறங்குமோ?... வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ.”

நான் பைப்பை மூடினேன். அவள் போனை வைத்துவிட்டு வந்து சமையலறை வாசலில் நின்றாள்.

“அங்கை ஏறாதாம்” என்றாள். அண்ணைக்காக உண்மையிலேயே மனம் வருந்துவது போல் இருந்தது அவள் முகம். “பன்னிரண்டு மாசமும் அப்பிடியே கிடக்குமாம்.”

பிறகு கொப்பியைத் திறந்து, பங்குனி வரைக்கும் வரும் சனி ஞாயிறுகளுக்கு அடிமட்டம் வைத்துக் கோடு கீறித்தரச் சொன்னாள். இரண்டு பக்கம் முழுவதும் கீறிக் கொடுத்தேன்.